பிரச்சினை ஃபர்ம்வேர்ல இல்ல ராசா, சுவத்துக்குள்ள இருக்கு

கொஞ்சம் காரமான பதிவு. மைனிங் பத்தி தமிழ்ல எழுதித் தள்ளுற அண்ணன்மார், தம்பிமார் எல்லாரும் மன்னிக்கணும். மன்னிக்காட்டியும் பரவாயில்ல, படிச்சுட்டுத் திட்டுங்க.

"வீட்டிலிருந்தே பிட்காயின் மைனிங்" மாதிரி தலைப்பு வெச்சு நம்ம மக்கள் எழுதினதுல ஒரு இருபது முப்பதாவது படிச்சிருப்பேன். எந்த பூல்ல சேரணும், வாலெட் எப்படித் திறக்கணும், ஃபர்ம்வேர் எப்படி மாத்தணும்னு படம் போட்டு விளக்குவாங்க. கரண்டு பத்தி? ஒரே ஒரு வரி. "மெஷினை பவர் பிளக்கில் சொருகவும்." அவ்ளோதான். மூவாயிரத்துச் சொச்சம் வாட் இழுக்கிற ஒரு ஐட்டத்தை, மிக்ஸியைச் சொருகுற மாதிரி சொருகச் சொல்றாங்க. அப்புறம் மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆகுது, ஹாஷ் குறையுதுன்னு எவனாவது வந்து அழுதா, "லேட்டஸ்ட் ஃபர்ம்வேர் போட்டுப் பாருங்க பாஸ்". அதுவும் சரிவரலைன்னா "ஹாஷ் போர்டு அவுட்டு, ரிப்பேருக்கு அனுப்புங்க".

இந்த வைத்தியத்துல ஒரு வீடே எரிஞ்சிருக்கும். எங்க முதலியார்பேட்டையில, என் வீட்டுலேர்ந்து மூணு தெரு தள்ளி. 2025 மே மாசம், நல்ல அக்னி நட்சத்திரத்துல நடந்த கதை.

நண்பன் ஒருத்தன் செகண்ட் ஹேண்டுல ஒரு ஆன்ட்மைனர் எஸ்19 வாங்கினான். 95 டெராஹாஷ், 3250 வாட். மாடி ரூம்ல வெச்சான். சத்தம் 75 டெசிபல், பக்கத்து வீட்டு ஆயா ரெண்டாம் நாளே வந்து "என்னப்பா, மாடியில மாவு மில்லா வெச்சிருக்கே?"ன்னு கேட்டாச்சு. அது தனிக் கதை. நாலு நாள் ஒழுங்கா ஓடிச்சு. அப்புறம் தினமும் கட். மெஷின் விழும், தானா எழும், ஒரு போர்டு காணாமப் போகும். லாக்-ல அந்த போர்டுல ஒரு சிப்பும் இல்லைன்னு எழுதும். விற்ற ஆளுக்கு போன் போட்டா, ரீசெட் பண்ணு, ஃபர்ம்வேர் மாத்து, கடைசியா "போர்டு போயிடுச்சு, மூணையும் அனுப்பு"ன்னு ஒவ்வொரு படியா ஏறுறாரு. ஒவ்வொரு படிக்கும் ஒரு ரேட்டு.

அப்பதான் பய என்னைக் கூப்பிட்டான். "மச்சி, நீ பொட்டி தட்டுறவன்தானே, வந்து பாரேன்."

நானும் போய் என்ன பண்ணேன்? லேப்டாப்பைத் திறந்தேன். ஹி ஹி. சுத்தியல் வெச்சிருக்கிறவனுக்கு எல்லாமே ஆணிதானே. ஆனா ஒண்ணு, அந்த லேப்டாப்பும் முழுசா வீண் போகலை. பூல் பக்கத்துல 24 மணி நேர கிராஃப் இருந்துச்சு. ஒரு வாரத்துக்கு எடுத்துப் பார்த்தா, தினமும் ராத்திரி எட்டு மணியிலேர்ந்து பதினொண்ணுக்குள்ளதான் விழுது. மத்தியானம் ரெண்டு மணிக்கு, மொட்டைமாடியில கால் வைக்க முடியாத வெயில்ல, கல்லு மாதிரி ஓடுது.

இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். சூட்டுனால சிப் போகுதுன்னா மத்தியானம்தான் முதல்ல போகணும். ஃபர்ம்வேர்ல பிழைன்னா அது மணி பார்த்து வராது. டைம் டேபிள் போட்டு வர்ற வியாதி சிலிக்கான்ல இருக்காது, வீட்டுல இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு அந்த வீட்டுல என்ன நடக்குது? மாடி ரூம்ல ஏசி போடுறாங்க.

"அப்போ ராத்திரி லோ வோல்டேஜ், கரண்ட் ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் கொடுக்கணும்"னு நண்பன் கிளம்பிட்டான். நல்லவேளை, அவனோட அப்பா எங்க ஏரியா வயர்மேன் அண்ணனைக் கூட்டிட்டு வந்தாரு. ஏ.எஃப்.டி. மில்லுல எலக்ட்ரிக்கல்ல இருந்தவர். அந்த மில்லு 2020 ஏப்ரலோட மூடியாச்சு. இப்போ தெருவுல ஃபேன் ரிப்பேர், மோட்டார் ரிப்பேர் பார்க்கிறார். பிட்காயின்னா என்னன்னு அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்ல. "எத்தனை வாட்டு?"ன்னு மட்டும் கேட்டார். சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க! அப்புறம் புறங்கையை பிளக் மேல வெச்சார், டக்குனு எடுத்தார்.

"தம்பி, தோசைக்கல்லு மாதிரி இருக்கு."

மீட்டர் எடுத்தார். மைனர் ஓடும்போதே கீழ மெயின்ல 219 வோல்ட். மாடியில சாக்கெட்ல 205. ரெண்டுக்கும் நடுவுல 14 வோல்ட் எங்கயோ காணோம். கிளாம்ப் மீட்டர் போட்டா கிட்டத்தட்ட 16 ஆம்பியர் ஓடுது. பத்தாங் கிளாஸ் கணக்குதான்: 14 பெருக்கல் 16, 224 வாட். அந்த 224 வாட் எங்க போகுது? மைனருக்குப் போகலை. சுவத்துக்குள்ள ஓடுற வயரையும், ஜாயிண்ட்டையும், பிளக் பின்னையும் சூடு பண்ணிக்கிட்டு இருக்கு. இருபத்துநாலு மணி நேரமும். ஒரு நாளைக்கு அஞ்சு யூனிட்டுக்கு மேல. அதுக்கு பில்லும் கட்டிக்கிட்டு இருக்கான் பயபுள்ள!

ஏன் அப்படி? மாடி ரூம் பிற்பாடு கட்டினது. அதுக்குக் கீழேருந்து இழுத்த வயர் 1.5 ஸ்கொயர் எம்எம், முப்பது மீட்டர் சுத்தி வருது. போக வர அறுபது மீட்டர். அந்தத் தாமிரத்துக்கு மட்டும் முக்கால் ஓம் கிட்ட ரெசிஸ்டன்ஸ். 16 ஆம்பியர் போனா பதினொண்ணரை வோல்ட் அதுலயே காலி. மிச்ச ரெண்டரை வோல்ட் லூஸ் கான்டாக்ட்ல. ரெண்டரை வோல்ட்தானேன்னு சிரிக்காதீங்க. ரெண்டரை பெருக்கல் 16, நாற்பது வாட். நாம போர்டுல ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ஒன்றரை சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு மேல தூங்கப் போறோம்.

ஏசியும் அதே வயர்லதான். ஏசி ஆறு ஆம்பியர் சேர்ந்ததும் சாக்கெட்ல வோல்டேஜ் 200-க்குக் கீழ இறங்குது. எஸ்19-ன் பவர் சப்ளைக்கு எழுதி வெச்சிருக்கிற எல்லை 200-லிருந்து 240 வோல்ட். அது தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆகுது. மெஷின் செஞ்சது நூத்துக்கு நூறு சரி. அதைத்தான் இவங்க "பழுது"ன்னு சொல்லி, அந்தப் பாதுகாப்பையே ஃபர்ம்வேர் மாத்தி மறைக்கப் பார்த்தாங்க.

இதுல நம்ம ஆளுங்களுக்குப் பிடிபடாத ஒரு விஷயம் இருக்கு. குண்டு பல்பு வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறைச்சு எடுக்கும், மங்கலா எரியும். மைனரோட பவர் சப்ளை அப்படி இல்ல. அதுக்கு 3250 வாட் வேணும், எப்படியாவது வேணும். வோல்டேஜ் குறைஞ்சா ஆம்பியரை ஏத்தி எடுத்துக்கும். 230-ல் 14 ஆம்பியர், 200-ல் 16-க்கு மேல. வயர்ல சூடு ஆம்பியரோட வர்க்கத்துல ஏறும், அதனால மூணுல ஒரு பங்கு சூடு கூடுதல். சூடானா ஜாயிண்ட் இன்னும் கெடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும். தன் வாலைத் தானே தின்கிற பாம்பு.

இப்போ அந்த மகா கொடுமைக்கு வரேன். எம்.சி.பி. என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு? ஆரம்பத்துல 16 ஆம்பியர் எம்.சி.பி. இருந்திருக்கு. ஏசியும் மைனரும் சேர்ந்ததும் விழுந்திருக்கு. ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு. விற்றவர் போன்லயே யோசனை சொல்லியிருக்கார்: "32 போட்டுடுங்க, ட்ரிப் ஆகாது." இவனும் போட்டுட்டான். 1.5 வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி.! எம்.சி.பி. மெஷினைக் காப்பாத்துறதுக்கு இல்லைங்க, வயரைக் காப்பாத்துறதுக்கு. வயர் தாங்குற அளவுக்கு மேல எம்.சி.பி. போட்டா, வயரே ஃபியூஸ். அந்த ஃபியூஸ் அம்மா அப்பா தூங்குற ரூம் சுவத்துக்குள்ள ஓடுது. வயர்மேன் அண்ணன் அதைப் பார்த்துட்டுச் சொன்ன வார்த்தைகளை இங்க எழுத முடியாது. சுத்தமான முதலியார்பேட்டைத் தமிழ்.

இன்னொண்ணு. எஸ்19 பவர் சப்ளைக்கு ரெண்டு பவர் கார்டு வரும், கவனிச்சிருக்கீங்களா? சும்மா ஸ்பேருக்குக் கொடுக்கலை. ஒரு கார்டு அவ்வளவு கரண்டைத் தாங்காது, பாதிப் பாதியா பிரிச்சு எடுக்கத்தான் ரெண்டு வாய். நம்ம ஆளு ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி, அந்த பாக்ஸை ஒரே சாக்கெட்ல சொருகியிருந்தான். பிரிச்ச ஆத்தைத் திரும்ப ஒரே மதகுல விட்ட மாதிரி. அந்த பாக்ஸோட பிளக் பின் பழுப்பேறி, பக்கத்து பிளாஸ்டிக் உருகி மினுமினுன்னு இருந்துச்சு.

சரி, நான் மட்டும் யோக்கியனா? இல்ல. 2021-ல் நானும் ஆடினவன்தான். ஆறு ஆர்எக்ஸ் 580 கார்டு, ஈத்தரியம். கார்டுக்கு 30 மெகாஹாஷ், மொத்தம் 180 வரணும். மூணாவது கார்டு மட்டும் சில மணி நேரத்துல செத்து, மொத்த ரிக்கையும் தொங்க விடும். நான் என்ன பண்ணேன்? டிரைவர் மாத்தினேன். விண்டோஸ் மறுபடி போட்டேன். மெமரி கிளாக் குறைச்சேன். கார்டு பயாஸைப் பழையபடி ஆக்கினேன். ரெண்டு வாரம், நொந்து நூடுல்ஸ் ஆனேன். கடைசியில ஒரு நாள் கருகின நாத்தம் வந்து பார்த்தா, ரைசருக்குப் போற சாட்டா கனெக்டர் பழுப்பாகி உருகி இருக்கு. சாட்டா பவர் கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு நாலரை ஆம்பியர்தான் கணக்கு, அதாவது 54 வாட். பிசிஐ ஸ்லாட் வழியா கார்டு 75 வாட் வரைக்கும் கேட்கலாம். 54-ஐயும் 75-ஐயும் ஒப்பிட எஞ்சினியரிங் படிக்கணுமா? நான் நாலு வருஷம் படிச்சேன், ஒப்பிடலை. ரைசர் பெட்டியிலேயே அந்த சாட்டா அடாப்டரைப் போட்டுக் கொடுத்தாங்க, அதனால சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன்.

நம்ம சாஃப்ட்வேர் ஜாதிக்கே உள்ள வியாதி இது. திரையில தெரியிற இடத்துலதான் தேடுவோம். லாக்-ல வர்றதுதான் உண்மைன்னு நம்புவோம். "சிப் காணோம்"னு லாக் சொன்னா அதுக்கு அர்த்தம் சிப் செத்துப்போச்சுன்னு இல்ல, அந்த நொடியில சிப் பதில் சொல்லலைன்னு. கரண்டு இல்லாதவன் எப்படிப் பதில் சொல்லுவான்?

ஏன் நம்ம ஊர்ப் பதிவுகள்ல இந்த அத்தியாயமே இல்லைன்னு யோசிச்சேன். ஒரு காரணம் தோணுது. பெரும்பாலானது அமெரிக்கக் கட்டுரைகளைப் பார்த்து எழுதினது. அமெரிக்க வீட்டு சாக்கெட்ல 120 வோல்ட்தான், எஸ்19 அதுல ஓடவே ஓடாது. அதனால அவன் கண்டிப்பா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, 240 வோல்ட்டுக்குத் தனி லைன், தனி பிரேக்கர் போட்டே ஆகணும். தொடர்ந்து ஓடுற லோடுக்கு சர்க்யூட்டுல 80 சதவீதம்தான் கணக்குன்னு அவங்க விதியே இருக்கு. நம்ம ஆளு அதைத் தமிழ்ல எழுதும்போது, "நமக்குத்தான் எல்லா சாக்கெட்லயும் 230 இருக்கே, இந்தத் தொல்லை இல்லை"ன்னு அந்த அத்தியாயத்தையே கிழிச்சுட்டான். வோல்டேஜ் இருக்கு சாமி, வயர் எங்க? நம்ம 16 ஆம்பியர் சாக்கெட் கீசருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போட்டது. அதெல்லாம் அரை மணி ஓடும், நிக்கும், ஆறும். மாசக்கணக்குல 14 ஆம்பியர் விடாம இழுக்கிற ஒண்ணு நம்ம வீடுகளுக்கு இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல.

மத்த ஊர்ல எல்லாம் இந்தத் தொழிலுக்குப் பேரே கரண்டுதான். 2021 மே மாசம் ஈரான்ல கரண்ட் கட்டுக்கு அப்புறம் மைனிங்கையே நாலு மாசம் தடை பண்ணாங்க. அதே வருஷம் ஜூலையில மலேசியாவுல, மீரியில, திருட்டுக் கரண்டுல ஓடின 1069 மெஷினைப் போலீஸ் ரோடு ரோலர் ஏத்தி நசுக்கினாங்க. பூட்டான் அரசாங்கம் அருவித் தண்ணியில எடுத்த மின்சாரத்தைத்தான் பிட்காயின் ஆக்குது. நாம மட்டும்தான் கரண்டை ஒரு வரியில முடிச்சுட்டு வாலெட்டுக்கு ஓடுறோம்.

வழக்கமா வர்ற மறுப்புகளை நானே சொல்லிடறேன்.

"ஸ்டெபிலைசர் போட்டா தீர்ந்துது." ஐயோ, போடாதீங்க. நண்பனும் வாங்கி வெச்சிருந்தான். மாடியில சாக்கெட் பக்கத்துல ஸ்டெபிலைசர் வெச்சா, அது 200-ஐ 230 ஆக்கிக் கொடுக்கும். ஆக்குறதுக்கு அந்த ஒல்லி வயர்லேர்ந்துதான் இன்னும் அதிக ஆம்பியர் உறிஞ்சும். மெஷின் நிக்காம ஓடும், உங்களுக்கு சந்தோஷமா இருக்கும், சுவரு மட்டும் வேகும். இருந்த ஒரே எச்சரிக்கை மணியையும் கழட்டி வெச்ச கதை.

"எங்க வீட்டுல ஆர்சிசிபி இருக்கு." ரொம்ப நல்லது, ஷாக் அடிக்காது. ஆனா கரண்டு கசிஞ்சாதான் அதுக்குத் தெரியும். லூஸ் கான்டாக்ட்ல சூடாகுறது அதுக்குத் தெரியவே தெரியாது.

"அப்போ போர்டு பழுதே ஆகாதா?" ஆகும். நம்ம கடற்கரைக் காத்துல உப்பு, ஃபேன் பேரிங்லேர்ந்து கனெக்டர் வரைக்கும் எல்லாத்தையும் தின்னும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் மழையில ஊறின சுவருங்க எத்தனையோ. ஆனா போர்டைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அரை மணி நேர வேலை இருக்கு. மெஷின் முழு லோடுல ஓடும்போது மெயின்லயும் சாக்கெட்லயும் ஒரே நேரத்துல வோல்டேஜ் பாருங்க. மெயின்ல நீங்க கை வைக்காதீங்க, தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க. அஞ்சு வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா எனக்குத் தூக்கம் வராது. ரிக்கா இருந்தா 12 வோல்ட் லைனை லோடுல அளங்க, 11.4-க்குக் கீழ போகக்கூடாது. கரண்ட் பில்லை எடுத்து உங்களுக்கு அனுமதிச்ச லோடு எத்தனை கிலோவாட்டுன்னு பாருங்க. பல வீட்டுல இந்த ஒரு மெஷினே அதை முழுங்கிடும். இதெல்லாம் சரியா இருந்து, அப்பவும் ஒரே போர்டு விழுந்தா, கேபிளை மாத்திப் போட்டு, பழுது கேபிளோட போகுதா போர்டோட போகுதான்னு பாருங்க. ஃபர்ம்வேர் எல்லாத்துக்கும் கடைசி.

ஃபர்ம்வேரை நான் ஒரேயடியா ஒதுக்கலை. அதால ஒரு நல்ல காரியம் முடியும், பவரைக் குறைக்கிறது. ஆனா அதை எவனும் சொல்ல மாட்டான். எல்லாரும் ஏத்தத்தான் சொல்லித் தர்றாங்க.

ஏன் ஏத்துறாங்கன்னா, கணக்கு உதைக்குது. 3250 வாட், நாளைக்கு 78 யூனிட். யூனிட் ஏழு ரூபான்னு வெச்சா 546 ரூபா. வரவு? 2024 ஏப்ரல் பாதியாக்கலுக்கு அப்புறம் உலகம் மொத்தத்துக்கும் ஒரு நாளைக்கு சுமார் 450 பிட்காயின்தான் புதுசா வருது. 2025-ல் நெட்வொர்க் வேகம் 800 எக்ஸாஹாஷைத் தாண்டிப் போச்சு. அந்த 800-லயே வெச்சு 95 டெராஹாஷுக்குப் பங்கு பிரிச்சா 5300 சதோஷி சொச்சம். ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபான்னு தாராளமா வெச்சாலும் 534 ரூபா. இதுல 2022-லேர்ந்து 30 சதவீத வரி வேற. மைனிங்குக்கு ஆன செலவை அதுல கழிக்க முடியாதுன்னு நாடாளுமன்றத்துலயே சொல்லியாச்சு. பன்னெண்டு ரூபா நஷ்டத்துக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி.!

நண்பனுக்கு இதைக் காகிதத்துல எழுதிக் காட்டினேன். "விலை ஏறும் மச்சி"ன்னான். சரி, அவன் காசு, அவன் நம்பிக்கை. அதுல நான் தலையிடலை. வயர்ல மட்டும் விடலை. வயர்மேன் அண்ணன் கீழேருந்து தனியா 4 ஸ்கொயர் எம்எம் லைன் இழுத்தார், தனி எம்.சி.பி., கார்டுக்கு ஒண்ணா ரெண்டு புது சாக்கெட். ஏசிக்குப் பழைய லைன், ஜாயிண்ட்டெல்லாம் புதுசா முறுக்கி, பழையபடி 16 எம்.சி.பி. மெஷினை 2300 வாட்டுக்கு இறக்கி வெச்சோம். மெயினுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல இப்போ மூணு வோல்ட் வித்தியாசம். ராத்திரி எட்டு மணிக்கு ஏசி போட்டுட்டு மூணு பேரும் நின்னு பார்த்தோம். விழலை. "செத்துப்போன" அந்த போர்டு உள்பட மூணு போர்டும் ஓடுது. அண்ணன் புறங்கையை பிளக் மேல வெச்சார், வெச்சபடியே டீ கேட்டார்.

டிஸ்கி: பிரிக்காத ஸ்டெபிலைசர் ஒண்ணு நண்பன் வீட்டுல இருக்கு. ஃப்ரிட்ஜுக்கு வேணும்னா பாதி விலைக்குத் தருவான். மைனருக்குன்னா தர மாட்டான், நான் விட மாட்டேன் :-)